மணி அடிக்கும் முன்: கடலோர ஊர்க் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் கமிட்டித் தலைவர்களுக்கும், ஜமாஅத் பெரியவர்களுக்கும், மீனவர் சங்கத்து அண்ணன்மாருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் பெயர் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்கு வராமல் இருக்கும் என் அக்கா தங்கைகளுக்கும்,

வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, ஊரெல்லாம் பெயின்ட் வாசனை. ஏப்ரல் 15இல் தொடங்கிய 61 நாள், ஜூன் 14இல் முடியும். ஆண்கள் கரையில் இருக்கும் இந்த இரண்டு மாதத்தில்தான் ஊர்க்கூட்டம் கூடும், கோயில் கணக்குப் பார்ப்பார்கள், பழைய சண்டை ஒன்றிரண்டு தீரும், புதிதாக ஒன்றிரண்டு முளைக்கும். இந்த வருடம் நம் பக்கத்தில் சில ஊர்களில், பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு தொடங்குவது என்று பேசி முடித்திருக்கிறீர்கள். கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் ஒவ்வொருவராக எனக்குப் போன் செய்தீர்கள்.

"எத்தனை பெஞ்ச் வாங்கணும்மா?" "புரொஜக்டர் வைக்கலாமா, பெரிய டிவி போதுமா?" "ராம்நாட்டுல இருந்து டியூசன் வாத்தியாரு வருவாரா?" ஒருவர்கூட எத்தனை மணிக்கு வைக்கலாம் என்று கேட்கவில்லை. ஐந்து மணி என்று நீங்களே எழுதிக்கொண்டுவிட்டீர்கள். எந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்க்கலாமா என்றும் யாரும் கேட்கவில்லை. எந்த வகுப்பில் படிக்கிறதோ அந்தப் புத்தகம் என்று அதையும் முடிவு செய்தாயிற்று. போனில் பேசினால் பாதி காற்றில் போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. மண்டபம் பக்கத்தில் ஒரு ஊரில், மீன் ஏலக்கூடத்தின் ஒரு மூலையில், மாலை வகுப்பு நடத்துகிறேன். அரசு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி திட்டத்தைத் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். கொரோனாவில் மூடிக்கிடந்த பள்ளியால் பிள்ளைகள் விட்டதைப் பிடிக்க வேண்டும், ஒருவருக்கு இருபது பிள்ளைகள், மாலையில் ஒன்றரை மணி நேரம், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அங்கே கற்றுக்கொண்டதைக் கொண்டு அப்புறமும் விடாமல் நடத்துகிறேன். நான் செய்த தப்புகளை நீங்களும் முதலிலிருந்து செய்ய வேண்டாமே என்பதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

முதல் தப்பு, நேரம். பள்ளிக்கூடம் போலவே அட்டவணை போட்டேன். திங்கள் தமிழ், செவ்வாய் கணக்கு, மாலை ஐந்துக்கு மணி. தொடங்கிய மூன்றாவது வாரம், பதிவேட்டில் 27 பேர் இருக்க நாலு பேர் வந்திருந்தார்கள். மறுநாள் ஐந்து பேர். எனக்கு வந்த கோபத்துக்கு, வீடு வீடாகப் போய் அம்மாமாரிடம் சண்டை பிடிப்பது என்று கிளம்பிவிட்டேன். முதல் வீட்டிலேயே என் பயணம் முடிந்தது. கடலில் பாசி எடுக்கப் போய் வந்த ஒரு அக்கா திண்ணையில் உட்கார்ந்து விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் பாறை கிழித்த கோடு. என்னை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏம்மா, ஒங் காலண்டர்ல அமாவாசையே கெடையாதா?"

எனக்குச் சுருக்கென்றது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முன்னும் பின்னுமாகத் தண்ணீர் வற்றும் நாட்களில்தான் பெண்கள் பாசிக்குப் போகிறார்கள். விடியற்காலையில் போனால் மதியத்துக்கு மேல்தான் வீடு. அதற்கப்புறம் பாசியை உலர்த்தி, அள்ளி, எடை போட வேண்டும். அந்த நாட்களில் வீட்டைப் பார்ப்பது, தம்பிக்குச் சோறு போடுவது, குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு நிற்பது எல்லாம் பெரிய பெண்பிள்ளை. அவள் வரவில்லை என்றால் அவளோடு ஒட்டிக்கொண்டு வரும் இரண்டு பொடிசுகளும் வராது. ஒரு வீட்டில் மூன்று பேர் கணக்கில் குறைந்தார்கள். நான் சோம்பேறித்தனம் என்று நினைத்தது அத்தனையும் நிலாவின் வேலை. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள், என் அம்மாவே பாசிக்குப் போனவர். கையில் பேனா வந்ததும் மறந்துவிட்டது.

அன்று ராத்திரி மாதக் காலண்டரைத் தரையில் விரித்து, மூன்று அம்மாமாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். பாசி நாட்கள். குழாயில் தண்ணீர் வரும் நாட்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று பிரித்திருக்கிறோமே, அதில் படகு கரைக்கு வரும் விடியற்காலைகள். அந்த நாட்களில் நாலு மணிக்கே வீடு எழுந்துவிடும், வலையிலிருந்து நண்டு பிரித்தெடுக்கப் பிள்ளைகளும் உட்காரும், மாலையில் புத்தகத்தைத் திறந்தால் தலை தொங்கும். மிச்சம் எத்தனை நாள் என்று எண்ணினோம். ஐந்து மணி வகுப்புக்கு மாதத்தில் 13 நாள்தான் சரியாக வந்தது. சரி, 13 நாள் என்று வைத்துக்கொண்டேன். பாசி நாட்களில் வகுப்பை ஆறரைக்குத் தள்ளி அரைமணி நேரம் கதை வாசிப்பு மட்டும். வருகிறவர்கள் வரட்டும், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாலும் சரி. அடுத்த மாதத்திலிருந்து பதிவேட்டைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை.

உங்கள் ஊருக்கு இந்தக் கோடுகள் வேறு மாதிரி விழும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் என்றால் பிள்ளைகள் ஓதப் போகும் நேரத்தைக் கேட்டுவிட்டு மணி வையுங்கள். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்குக் குறுக்கே எதையும் வைக்காதீர்கள். சர்ச் உள்ள ஊரில் கொடியேறிவிட்டால் திருவிழா முடியும்வரை யாரும் வரமாட்டார்கள், நானும்தான். திருப்பாலைக்குடிக்கு மேற்கே போனால் மாசி பங்குனியில் மிளகாய்ப் பழம் எடுக்கக் குடும்பமே காட்டில் இருக்கும். சாயல்குடிப் பக்கம் பதநீர்க் காலத்தில் சில குடும்பங்கள் பனங்காட்டிலேயே குடிசை போட்டுத் தங்கிவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு மையத்தை நீங்கள்தான் பனங்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் வந்துவிட்டால் ஆறு மணிக்கே இருட்டு, பெண்பிள்ளைகளை யார் வீடுவரை கூட்டிப்போவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். இதெல்லாம் உங்களுக்கே தெரிந்ததுதான். ஆனால் அட்டவணை போட உட்கார்ந்ததும் நாம் எல்லாரும் ஏதோ ஒரு நகரத்துப் பள்ளியின் ஆபீஸ் ரூமுக்குள் போய்விடுகிறோம்.

இரண்டாவது தப்பு, வகுப்பு வாரியாக உட்கார வைத்தது.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். பாடப்புத்தகத்தை எடுத்து முதல் பாடத்தை வாசிக்கச் சொன்னேன். கணீரென்று வாசித்தான். ஏற்ற இறக்கம் எல்லாம் சரியாக இருந்தது. நானும் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். தற்செயலாக அவன் விரலைப் பார்த்தேன். வாய் மூன்றாவது வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது, விரல் இரண்டாவது வரியின் நடுவில் நின்றது. பாடம் முழுக்க மனப்பாடம். பக்கத்தைத் திருப்பி, பள்ளியில் இன்னும் நடத்தாத ஒரு பாடத்தைக் காட்டினேன். மௌனம். 'கப்பல்' என்ற சொல்லுக்கு, க என்றான், ப என்றான், அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். ஏழு வருடமாக அந்தப் பையன் எத்தனை சாமர்த்தியமாக இதை மறைத்து வந்திருப்பான் என்று யோசித்தேன். அந்தச் சாமர்த்தியத்தில் பாதி வாசிப்புக்குப் போயிருந்தால் போதுமே.

அதனால் முதல் வாரம் பாடமே வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, மற்றவர்கள் காதில் விழாத தூரத்தில், பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு தாளில் சில எழுத்துகள், சில சொற்கள், நாலு வரிப் பத்தி ஒன்று, சின்னக் கதை ஒன்று. பிரதம் என்ற அமைப்பு 2005 முதல் நடத்தும் அசர் ஆய்வில் நாடு முழுக்க வீடு வீடாகப் போய் இதைத்தான் செய்கிறார்கள். பத்தி ஒன்றாம் வகுப்புத் தரம், கதை இரண்டாம் வகுப்புத் தரம். எந்தப் படியில் பிள்ளை நிற்கிறதோ அந்தப் படியில் உள்ளவர்களோடு உட்கார வைக்க வேண்டும், எத்தனாவது படிக்கிறது என்று பார்க்கக் கூடாது. அரசுப் பள்ளிகளே 2022 முதல் கீழ் வகுப்புகளில் எண்ணும் எழுத்தும் என்ற திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்ற நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்து இதே வழியில் போகின்றன. நாம் மட்டும் ஏன் பழையபடி 'ஆறாம் வகுப்பு ஒரு பெஞ்ச், ஏழாம் வகுப்பு ஒரு பெஞ்ச்' என்று நிற்க வேண்டும்?

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மீசை அரும்பும் பையனை மூன்றாம் வகுப்புப் பிள்ளையோடு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னால் மறுநாள் வரமாட்டான். வர மாட்டான் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த ஏழாம் வகுப்புப் பையனிடம் வேறு வேலை கொடுத்தேன். "வெள்ளிக்கிழமை பொடிசுகளுக்கு நீதான் கதை வாசிச்சுக் காட்டணும். படம் போட்ட புத்தகம், எட்டே பக்கம். அதுக்குள்ள நீ தயார் பண்ணிக்க." தயார் செய்வதற்கு என்னிடம் தனியாக வந்தான். ஐந்து நாள் அந்த எட்டுப் பக்கத்தை எழுத்துக்கூட்டி, சொல் கூட்டி, வரியாக்கினோம். வெள்ளிக்கிழமை வாசித்தான். பொடிசுகள் வாயைப் பிளந்து கேட்டன. அடுத்த வாரம் வேறு புத்தகம். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை அவன் படிக்கிறான் என்று அந்த ஏலக்கூடத்தில் யாருக்கும் தோன்றவில்லை, அவனுக்கே தோன்றவில்லை. ஆறு மாதத்தில் செய்தித்தாள் தலைப்புச் செய்திக்கு வந்துவிட்டான். உள்ளே இருக்கும் செய்திக்கு இன்னும் ஒரு வருடம் ஆனது, பொய் சொல்ல மாட்டேன்.

இது நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை செய்த வேலைதான். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பூரில் ஓர் அநாதைப் பிள்ளைகள் பள்ளியைக் கவனித்து வந்தார். நம் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளிக்கும் மணலைக் கொண்டுபோனார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தருவதையே ஒரு முறையாக வகுத்து 1797இல் லண்டனில் எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். நம்மிடம் இல்லாத மணலா? என் மையத்தில் எழுத்துப் பழகும் பிள்ளைகளுக்கு நோட்டு கிடையாது, ஒரு பழைய மீன் தட்டில் சலித்த மணல். தப்பாக எழுதினால் ஒரு தட்டு தட்டினால் போதும், அழிந்துவிடும். சிவப்பு மையில் சுழித்த தப்பு பிள்ளையின் கண்ணிலேயே நிற்கும். மணலில் அது நிற்காது.

மூன்றாவது, வீட்டுப்பாடம். இதைச் சொன்னால் உங்களில் பலர் என்னோடு சண்டைக்கு வருவீர்கள். பெற்றோர் மாலை வகுப்புக்கு அனுப்புவதே வீட்டுப்பாடம் முடிப்பதற்குத்தான் என்பது எனக்குத் தெரியும். முதல் வருடம் நானும் அதைத்தான் செய்தேன். கைடைத் திறந்து வைத்து, 27 பிள்ளைகள், வரிசையாக, எழுதித் தள்ளினார்கள். ஒன்றரை மணி நேரம் சத்தமே இல்லை. வழியே போன தலைவர் பார்த்துவிட்டு, "என்னா ஒழுக்கம்!" என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்று ஒரு பிள்ளைக்கும் ஒரு புதிய சொல்கூடத் தெரிந்திருக்காது. இப்போது வீட்டுப்பாடத்துக்குக் கடைசி இருபது நிமிடம் மட்டும், அதுவும் கைடு இல்லாமல், தெரியாததைப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு. முடியாதது முடியாமல் போகட்டும். பள்ளி ஆசிரியரிடம் போய் நானே சொல்லிவிட்டு வந்தேன். நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார்.

மிச்ச நேரத்தில் என்ன செய்வது? முதலில் விளையாட்டு, கால் மணி நேரம். பள்ளியிலிருந்து வந்த பிள்ளையை மறுபடி உடனே உட்கார வைத்தால் அதற்குத் தெரிவது இன்னொரு பள்ளிக்கூடம்தான். பிறகு நேற்றுப் படித்ததைப் புத்தகம் பார்க்காமல் கேட்பது. பரீட்சை மாதிரி இல்லை, மணலில் வட்டம் போட்டு உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது. நேற்றுப் படித்ததை இன்று ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை நினைவிலிருந்து எடுக்க வைத்தால், பத்து முறை எழுதியதைவிட நன்றாகத் தங்குகிறது. அப்புறம் வாசிப்பு. அப்புறம் கணக்கு.

கணக்கைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

'கப்பல்' வாசிக்கத் தடுமாறிய அதே பையனிடம் 7000 ÷ 3½ என்று பலகையில் எழுதிக் காட்டினேன். கண்ணைச் சிமிட்டினான். அவன் நோட்டில் அந்தப் பாடத்தில் அத்தனையும் தப்பு. சரி என்று பலகையை அழித்துவிட்டு வேறு மாதிரி கேட்டேன். "படகு கரைக்கு வந்துருச்சு. மீன் 20,300க்குப் போச்சு. டீசல், ஐஸ், இரை எல்லாம் 6,300. மிச்சத்துல பாதி படகுக்கும் வலைக்கும். பாதி ஆளுகளுக்கு. மூணு ஆளு, ஒரு பையன். பையனுக்கு அரைப்பங்கு. ஆளுக்கு எவ்வளவு?" பென்சிலைத் தொடவில்லை. வானத்தைப் பார்த்தான். "ஏழாயிரத்த ஏழு அரைப்பங்காப் போடணும் டீச்சர். பையனுக்கு ஆயிரம், ஆளுக்கு ரெண்டாயிரம்." பின்னத்தால் வகுப்பது எப்படி என்று அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். பலகையில் இருந்ததும் இதுவும் ஒரே கணக்கு என்று காட்டியபோது அவன் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்பது போல ஒரு பார்வை. அரைக்கால், மாகாணி என்று எண்சுவடியில் நம் தாத்தாமார் ஒப்பித்த பின்னங்கள் பள்ளியிலிருந்து போய்விட்டன. அரைப்பங்கும் முக்கால் பங்கும் இன்னும் நம் படகில்தான் உயிரோடு இருக்கின்றன. அதை வகுப்புக்குள் கொண்டுவர ஒரு செலவும் இல்லை.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜிபிஎஸ். தடைக்காலத்தில் ஓர் அண்ணன் தன் படகின் ஜிபிஎஸ் கருவியைக் கழற்றிக்கொண்டு வந்து ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தார். ராமேஸ்வரம் வடக்கே 9 டிகிரி 17 மினிட். இதைத் தசமத்தில் எழுதச் சொன்னேன். எல்லாரும் 9.17 என்று எழுதினார்கள். அந்த அண்ணனே தடுத்தார்: "அப்படிப் போட்டீங்கன்னா வேற எடத்துக்குப் போயிருவீங்கப்பா. டிகிரிக்கு அறுவது மினிட்டு." பதினேழை அறுபதால் வகுத்து 9.28 என்று வந்தது. இரண்டு விடைக்கும் நடுவில் கடலில் எத்தனை தூரம்? வடக்கு தெற்காக ஒரு மினிட் என்பது ஒரு கடல் மைல், ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர். அவர்களே போட்டுப் பார்த்து, கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் என்றார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இலங்கையோடு கடல் எல்லை எங்கே இருக்கிறது, தாண்டினால் என்ன ஆகும் என்பது நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தசமப் புள்ளிக்கு அப்புறம் வரும் இரண்டு எண் ஏன் முக்கியம் என்று அதற்குமுன் எந்தப் புத்தகமும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

நம் பக்கத்தில் கல்வி பற்றி யார் பேசினாலும் கலாம் ஐயாவைச் சொல்லாமல் முடிக்க மாட்டார்கள். எல்லா மேடையிலும் கனவு காணச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வேறொரு விஷயம். ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டினார். பிள்ளைகள் புரியவில்லை என்றார்கள். அன்று மாலையே எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய், பறந்துகொண்டிருந்த பறவைகளைக் காட்டிப் பாடத்தை முடித்தார். மாலை, கடற்கரை, புரியவில்லை என்று பிள்ளை தைரியமாகச் சொன்னது, ஆசிரியர் கோபப்படாமல் இடத்தை மாற்றியது. மாலை வகுப்புக்கு வேறென்ன பாடத்திட்டம் வேண்டும்? மண்டபம் முகாமில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1947இல் தொடங்கியது, 1949 முதல் 1971இல் கொச்சிக்கு மாறும்வரை தலைமையிடமே இங்கேதான் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அது பஸ்ஸிலிருந்து தெரியும் ஒரு மதில்சுவர். கடிதம் எழுதிக் கேளுங்கள், ஒரு மாலை கூட்டிப் போங்கள். கடல்தாழை என்கிற கடல்புல் எது, ஆவுளியா என்கிற கடல்பசு ஏன் அதைத் தின்கிறது என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளை அங்கே இருப்பவரிடம் கேட்கட்டும். பதிலுக்கு நம் பிள்ளைக்கும் சொல்ல நாலு விஷயம் இருக்கும்.

பெரிய பையன்களைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. எட்டாம் வகுப்பு முடிந்து ஒருமுறை கடலுக்குப் போய் அரைப்பங்குப் பணத்தைக் கையில் வாங்கியவனை மறுபடி பெஞ்சில் உட்கார வைத்தேன் என்று சொன்னால் அது பொய். ஐந்து வருடத்தில் நாலு பேரைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது. அதற்கும் நான் செய்தது பெரிதாக ஒன்றும் இல்லை. அவர்களை மாலை வகுப்புக்குக் கூப்பிடுவதை நிறுத்தினேன். பிள்ளைகளோடு உட்கார அவர்களுக்கு வெட்கம். ராத்திரி எட்டு மணிக்குமேல், கடலுக்குப் போகாத நாட்களில், வலை பின்னும் இடத்திலேயே பேச ஆரம்பித்தோம். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம் என்பதே அவர்களில் இரண்டு பேருக்கு அதுவரை தெரியாது. விண்ணப்பத்தை நிரப்பித் தருவது, கடைசித் தேதியை நினைவூட்டுவது, கணக்குத் தாளை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து போடுவது. இதற்கு ஆண் ஒருவர் வேண்டும் அண்ணே. உங்களில் யாராவது பட்டம் படித்து ஊரிலேயே இருப்பவர், வாரம் இரண்டு ராத்திரி தாருங்கள். நான் ஒருத்தி எத்தனை நாள் ராத்திரி பத்து மணிக்கு வலைக்கொட்டகையில் உட்கார முடியும்? ஊர் என்ன பேசும் என்று உங்களுக்கே தெரியும், பேசியவர்களில் ஒன்றிரண்டு பேர் இதைப் படித்துக்கொண்டும் இருப்பீர்கள்.

பெண்பிள்ளைகள் கதை வேறு. அவர்கள் படிப்பார்கள், வகுப்புக்கு வருவார்கள், திடீரென்று ஒருநாள் வயதுக்கு வந்ததும் மாலை வெளியே அனுப்புவதை நிறுத்திவிடுவீர்கள். வகுப்பை ஏலக்கூடத்திலிருந்து அவர்கள் தெருவிலேயே ஒரு வீட்டுத் திண்ணைக்கு மாற்றினேன், வாரம் இரண்டு நாள். எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள். இடம் மாறியதுதான் காரணம். இடத்தைப் பற்றி யோசிக்கும்போது ஒரே கட்டடம் கட்டி அதற்குத் திறப்பு விழா வைக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். நாலு திண்ணை போதும்.

சொல்லித்தருகிறவர்களுக்கு வருவோம். ராம்நாட்டிலிருந்து யாரும் வர வேண்டாம். ஒவ்வொரு ஊரிலும் பன்னிரண்டாவதோ டிகிரியோ முடித்துவிட்டு நண்டுக் கம்பெனிக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள், ஆனால் சேவை என்று சொல்லிச் சும்மா கூப்பிடாதீர்கள். கம்பெனியில் ஒரு நாள் கூலி போனால் அவள் வீட்டில் கேள்வி வரும். ஏலத்தில் ஊருக்கு என்று ஒரு பங்கு எடுக்கிறீர்கள். திருவிழா வாணவேடிக்கைக்கு அதில் எவ்வளவு போகிறது என்று நான் கேட்கப் போவதில்லை. அதிலிருந்து மாதா மாதம், தேதி தவறாமல், ஒரு தொகை வைத்துவிடுங்கள். நம் மாவட்டத்தை 2018இல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்றாகச் சேர்த்தது, அதனால் அவ்வப்போது நிறுவனங்கள் கல்விக்கு என்று பணத்தோடு வருவதும் உண்டு. வரட்டும், வாங்கிக்கொள்வோம். சம்பளம் மட்டும் ஊர்ப் பணத்திலிருந்து போகட்டும். வெளிப்பணம் நிற்கும் நாளில் வகுப்பும் நின்றுவிடுவதை நம் கரையில் நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்.

அந்தப் பெண்களுக்கு நீங்கள் வாங்கித் தர வேண்டியது ஒரு நீளமான நோட்டு. திட்டம் என்றால் பயந்துவிடுவார்கள், எனக்கும் அப்படித்தான் இருந்தது. வாரத்துக்கு ஒரே பக்கம். இன்று என்ன செய்தோம், யாருக்குப் பாடம் வரவில்லை, நாளை அவருக்கு என்ன. மூன்று கோடு போட்ட பக்கம், அவ்வளவுதான். சனிக்கிழமை ஒரு மணி நேரம் எல்லாரும் அந்த நோட்டோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பேச வேண்டும். 'பாடம் வரவில்லை' என்ற நடுக் கோட்டில் ஒரே பெயர் மூன்று வாரம் வந்தால், பிள்ளையைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு வேறு வழி தேட வேண்டும் என்று அர்த்தம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பத்து நிமிட வாசிப்பைத் திரும்பச் செய்து, படி ஏறியவர்களை அடுத்த வட்டத்துக்கு மாற்றுங்கள். கமிட்டிக்கு அறிக்கை வேண்டுமானால் அந்த எண்ணிக்கையைக் கேளுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதை மட்டும் கேட்டால், வந்தவர்களை உட்கார வைத்து கைடு எழுத வைத்துவிடுவோம், எங்களுக்கு அது சுலபம்.

டிவி, புரொஜக்டர் கேட்டீர்களே. ஒரு அமைப்பு எங்களுக்குப் பத்து டேப்லெட் கொடுத்தது, நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் சார்ஜர் முனையில் களிம்பு ஏறிவிட்டது. இப்போது என் வீட்டு அலமாரியில் பத்தும் அடுக்கி இருக்கின்றன. அந்தக் காசுக்குப் படக்கதைப் புத்தகமும் நல்ல வெளிச்சம் தரும் இரண்டு விளக்கும் வாங்குங்கள்.

ஜூன் 14 நள்ளிரவுக்கு மேல் படகுகள் கிளம்பிவிடும், அப்புறம் உங்களைப் பிடிக்க முடியாது. அதற்குள் ஒரு மாலை ஊருக்கு இரண்டு பேராக எங்கள் ஏலக்கூடத்துக்கு வாருங்கள். ஒருவர் கட்டாயம் பாசிக்குப் போகும் பெண்ணாக இருக்கட்டும். வரும்போது உங்கள் வீட்டு மாதக் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக் கையோடு கொண்டு வாருங்கள். சிவப்புப் பேனா என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
மண்டபம் பக்கத்து ஏலக்கூடத்தில் மாலை வகுப்பு நடத்தும் ஒருத்தி

பி.கு.: இது எங்கள் ஊர்க் கமிட்டிக்கு மட்டும். ஏலக்கூடத்தில் மேற்கு ஓரத்து விளக்கு எரியவில்லை என்று மார்கழியிலேயே சொன்னேன். இன்னும் எரியவில்லை.